அறிவு தளர்ந்தோர்க்குக் காப்பாளர் யார்?

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு விந்தையான வழக்கு நடந்தது என்று பழைய நூல்கள் கூறுகின்றன. வழக்குத் தொடுத்தோர் பிள்ளைகள். வழக்கில் நிறுத்தப் பெற்றவர் தந்தை. அத்தந்தை வேறு யாருமல்லர். நாடகப் பெரும்புலவர் சோபாக்கிளிஸ். அவருக்கு அப்போது வயது தொண்ணூறை நெருங்கிவிட்டது. தந்தை நாடகம் எழுதுவதிலேயே காலத்தைக் கழிக்கிறார், குடும்பச் சொத்தைக் கவனிப்பதில்லை, அறிவு தளர்ந்துவிட்டது, ஆகவே சொத்தை ஆளும் உரிமையை அவரிடமிருந்து நீக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் வாதம். முதியவர் தாம் அண்மையில் எழுதிய 'கொலோனசில் ஈடிப்பஸ்' என்னும் நாடகத்தை நீதிபதிகள் முன் படித்துக் காட்டினார். இஃது அறிவு தளர்ந்தவன் எழுதியதாகத் தோன்றுகிறதா என்று கேட்டார். நீதிபதிகள் அவரை விடுவித்தனர்.

ரோமாபுரியின் நாவலர் சிசரோ, கி.மு. 44இல் முதுமையைப் பற்றி எழுதிய நூலில் இக்கதையைச் சொல்லுகிறார். இது நடந்ததுதானா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு. அந்நாடகம் மேடையேறியது கி.மு. 401இல், அப்போது புலவர் உயிருடன் இல்லை. கதை மெய்யோ பொய்யோ, அதனுள் அடங்கிய கேள்வி மெய்யானது. சோபாக்கிளிஸ் பெரும்புலவர்; ஒரு நாடகத்தைப் படித்துக் காட்டித் தப்பினார். நாடகம் எழுதத் தெரியாத கிழவனுக்கு யார் துணை? பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கிய கிழவி எதைப் படித்துக் காட்டுவாள்? தன் அறிவு நிலையாக இருக்கிறது என்று முதியவர் மெய்ப்பிக்க வேண்டுமா? அன்றி, தளர்ந்துவிட்டது என்று சொல்பவர் மெய்ப்பிக்க வேண்டுமா?

இக்கேள்விக்கு நேரான விடை காணச் சட்டத்திற்கு ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் ஆயின. அந்த நெடும்பயணம் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்த வரலாறு, முதியோர் வாழும் ஒவ்வொரு குடும்பமும் அறியத்தக்கது.

பன்னிரு பலகைகள்

ரோமாபுரியின் மிகப் பழைய எழுத்துச் சட்டம் 'பன்னிரு பலகைகள்' எனப்படும். அது கி.மு. 451-450 ஆண்டுகளில் தொகுக்கப்பட்டது. பித்துப் பிடித்தவனுக்குக் காப்பாளன் இல்லையாயின், அவனும் அவன் பொருளும் தந்தைவழிப் பங்காளிகளின் ஆட்சிக்கு உட்படும் என்று அச்சட்டம் கூறியது. முன்னோர் தேடிய சொத்தை அழிக்கும் ஊதாரிக்கும் ரோமர் காப்பாளன் வைத்தனர்.

இச்சட்டம் காக்க நினைத்தது யாரை? அறிவிழந்தவனையா, அவன் வீட்டுச் சொத்தையா? காப்பாளராக வந்த பங்காளிகளே நாளை அச்சொத்துக்கு வாரிசுகளாக வரக்கூடியவர்கள். சொத்து கெட்டால் நட்டம் அவர்களுக்கு. ஆகவே அவர்கள் சொத்தை நன்றாகக் காத்திருப்பார்கள் என்று நம்பலாம். சொத்துக்குரியவனைக் காத்தார்களா என்பது வேறு கேள்வி. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த ஏற்பாடு அது.

ஆயினும் ரோமச் சட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் அரசு அதிகாரிகள் காப்பாளரை நியமித்தனர். ஜஸ்டீனியன் பேரரசர் காலத்தில், கி.பி. 533இல் வெளியான சட்டப் பாடநூல், பித்தர்க்கு மட்டுமன்றி அறிவு மழுங்கியோர், செவிடர், ஊமையர், தீராத நோயுற்றோர் ஆகியோர்க்கும் காப்பாளர் தேவை என்றது. இதனினும் நுட்பமான விதி ஒன்றும் அப்பேரரசர் காலத்தில் உறுதியாயிற்று. பித்தனுக்கு இடையிடையே தெளிவு வருமாயின், அத்தெளிவுக் காலத்தில் அவன் தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளலாம். காப்பாளன் ஒதுங்கி நிற்க வேண்டும். அறிவு என்பது ஒரே நாளில் அணைந்து போகும் விளக்கன்று, மங்கியும் ஒளிர்ந்தும் எரியக்கூடியது என்ற உண்மை அந்நாளிலேயே சட்டத்தின் கண்ணில் பட்டது. பின்னர் நெடுங்காலம் அது மறக்கப்பட்டது.

இங்கிலாந்து அரசரின் உரிமை

மலாயாவுக்கு வந்த சட்டம் ரோமாபுரியிலிருந்து நேரே வந்ததன்று, இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்நாட்டில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய 'அரசரின் தனியுரிமை' என்னும் சட்ட ஏடு, அறிவற்றோரை இரு வகையாகப் பிரித்தது. பிறவியிலேயே அறிவு வளராதவர் ஒரு வகை. முன்பு அறிவுடன் இருந்து பின்னர் இழந்தவர் மற்றொரு வகை.

முதல் வகையினரின் நிலத்தை அரசர் எடுத்துக்கொள்வார். அவர்களுக்கு உண்ண உடுக்கக் கொடுத்தது போக மிஞ்சும் வருமானம் அரசருக்கு. அவர்கள் இறந்தபின் நிலம் உரிய வாரிசைச் சேரும். இரண்டாம் வகையினரின் நிலத்தையும் அரசர் காப்பார்; ஆனால் அதிலிருந்து ஒரு காசும் தமக்கென எடுக்கலாகாது. நோயாளியும் அவர் குடும்பமும் அவ்வருமானத்தில் வாழ வேண்டும். மிச்சத்தை அவர் தேறி வரும் நாளுக்காகச் சேர்த்து வைக்க வேண்டும்.

ஒருவர் பிறவி அறிவிலியா என்று காண என்ன சோதனை? 1534இல் வெளிவந்த ஒரு சட்ட நூலில் பிட்சர்பர்ட் என்னும் நீதிபதி அதனைக் குறித்திருக்கிறார். இருபது பென்னிக் காசுகளை எண்ணத் தெரிய வேண்டும்; தாய் தந்தை யார் என்று சொல்ல வேண்டும்; தன் வயதைச் சொல்ல வேண்டும். இவை தெரியாதவன் அறிவிலி. பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத ஏழைக்கு இச்சோதனை எத்துணைக் கடுமையானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1540இல் எட்டாம் ஹென்றி மன்னர் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்னும் காப்பு நீதிமன்றத்தை நிறுவினார். இதன் முதன்மையான நோக்கம் அரசக் கருவூலத்தை நிரப்புவதே. தந்தையை இழந்த சிறுவர், அறிவிழந்தோர் ஆகியோரின் நிலத்தைப் பொறுப்பேற்கும் உரிமை, விரும்பிக் கேட்டோர்க்கு விலைக்கும் தயவுக்கும் வழங்கப்பட்டது. அறிவிலியின் காவலை அரசரிடம் இரந்து பெறுவது செல்வம் சேர்க்கும் ஒரு வழியாயிற்று. மக்கள் வெறுத்த அந்நீதிமன்றத்தை நாடாளுமன்றம் 1646இல் நிறுத்தியது. 1660இல் அது சட்டப்படி ஒழிந்தது.

ஒரு மகளின் கடிதம்

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று ஏடுகளில் பதிந்திருக்கிறது. கெண்ட் மாவட்டத்தில் பிரையன் அன்னஸ்லி என்னும் பெருமகன் இருந்தார். எலிசபெத் அரசியாருக்கு நெடுங்காலம் தொண்டு செய்தவர். அவருக்கு மூன்று பெண்மக்கள். 1603ஆம் ஆண்டு, முதுமையால் அவர் நினைவு தடுமாறியபோது, மூத்த மகளின் கணவர் சர் ஜான் வைல்ட்கூஸ் வேறு சிலரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். மாமனார் தம்மையும் தம் சொத்தையும் ஆளத் தகுதியற்றவர் என்று அரசின் அமைச்சர் ராபர்ட் செசிலுக்கு அவர்கள் எழுதினர். வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்து முத்திரையிடவும் முயன்றனர்.

இளைய மகள் கார்டெல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அவளும் செசிலுக்கு எழுதினாள். அரசியாருக்கு அத்தனை ஆண்டுகள் உழைத்த தந்தையை, சாகுந்தறுவாயில் பித்தர் என்று முத்திரை குத்துவது முறையன்று என்பது அவள் மன்றாட்டு. காவல் தேவையெனின் நடுநிலையான ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்றும் அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்த ஆண்டு ஜூலையில் தந்தை இறந்தார். சொத்தின் பெரும்பகுதியை அவர் இளையவளுக்கே எழுதி வைத்திருந்தார். மூத்த மகளும் மருமகனும் உயிலை எதிர்த்து வழக்காடித் தோற்றனர்.

இதற்குச் சில ஆண்டுகளில், 1606 டிசம்பர் 26ஆம் நாள், ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகம் அரச சபையில் நடந்தது. மூன்று பெண்மக்கள், முதுமையில் அறிவு கலங்கிய தந்தை, அன்பு மாறாத இளைய மகள் கார்டீலியா! கார்டெலின் வழக்கு ஷேக்ஸ்பியரின் காதில் விழுந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். லியர் கதை அதற்கு முன்பே பழங்கதையாக வழங்கி வந்தது என்பதும் உண்மை. நாடகம் எவ்வாறாயினும், கார்டெல் செய்த செயல் கருதத்தக்கது. தந்தைக்குக் காவலே வேண்டா என்று அவள் சொல்லவில்லை. காவலரும் வாரிசும் ஒருவராக இருத்தலாகாது என்பதே அவள் கேட்டது. பன்னிரு பலகைகளில் இருந்த குறையை அவள் சரியாகத் தொட்டாள்.

ஜூரிகளும் செலவும்

காப்பு நீதிமன்றம் ஒழிந்த பின்னர் அப்பொறுப்பு லார்ட் சான்சலர் எனப்படும் தலைமை நீதி அமைச்சரிடம் வந்தது. ஒருவர் அறிவிழந்தவரா என்பதை ஜூரிகள் கூடி விசாரித்து முடிவு கூறுவர். அவ்வாறு முடிவானபின் நியமிக்கப்பெறும் காப்பாளர் 'கமிட்டி' எனப்பட்டார். இச்சொல் இங்கே குழுவைக் குறிப்பதன்று. பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் என்று பொருள்படும். உடலைக் காக்க ஒருவரும் சொத்தைக் காக்க ஒருவரும் எனத் தனித்தனியே நியமிப்பதும் உண்டு.

பித்தர் அல்லர், ஆயினும் முதுமையினால் தம் காரியத்தைத் தாமே செய்ய இயலாதவர் என்ற நிலையில் உள்ளோர்க்கு நெடுங்காலம் இம்முறையில் இடமில்லாதிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்டன் பிரபு சான்சலராக இருந்தபோதுதான் அவர்களுக்கும் இப்பாதுகாப்பு விரிந்தது. பின்னர் 1890ஆம் ஆண்டுச் சட்டம், நோயினாலோ வயதினாலோ மனம் தளர்ந்து காரியம் பார்க்க இயலாதவர்க்கு, ஜூரி விசாரணையின்றியே சொத்தைப் பார்க்க ஒரு 'ரிசீவர்' நியமிக்கலாம் என்றது. 'வயது' என்னும் சொல் வெளிப்படையாக அங்கே இடம்பெற்றது.

ஜூரி விசாரணை எத்தகையது என்பதற்கு 1861-62இல் இலண்டனில் நடந்த விண்டம் வழக்கு சான்று. அதில் நிறுத்தப்பட்டவர் முதியவரல்லர். 21 வயதான செல்வர். சொத்தை அழிக்கிறார், ஆகவே அறிவு கெட்டவர் என்று உறவினர் வழக்காடினர். விசாரணை 34 நாள் நடந்தது. ஏறக்குறைய 140 சாட்சிகள் வந்தனர். அவர் அறிவுடையவரே என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். ஆனால் வழக்குச் செலவே சொத்தில் பெரும்பகுதியை விழுங்கியது. அவர் சில ஆண்டுகளில் வறியவராகி, 1866இல் இளமையிலேயே இறந்தார். ஊதாரித்தனமும் அறிவின்மையும் ஒன்றல்ல என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தவறாகச் செலவிடவும் மனிதனுக்கு உரிமையுண்டு என்ற இக்கருத்து பிற்காலச் சட்டத்திற்கு ஓர் அடிக்கல்லாயிற்று.

கடல் கடந்த சட்டம்

இங்கிலாந்தில் 1660இல் மறைந்த 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்னும் பெயர், தமிழ்நாட்டில் மறுபிறவி எடுத்தது. சென்னை மாகாணத்தின் 1804ஆம் ஆண்டு 5ஆம் ஒழுங்குவிதி, சிறுவர், அறிவிழந்தோர் முதலியோர் கைக்கு வந்த ஜமீன்களைக் காக்க அப்பெயரில் ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. மாவட்டக் கலெக்டர்கள் ஜமீனின் வரவு செலவைப் பார்த்தனர். ஜமீன் கெட்டால் அரசுக்கு வரவேண்டிய கிஸ்தி நின்றுவிடும் என்ற கவலை இதன் பின்னே இருந்தது. சொத்தில்லாத குடியானவனின் முதுமைக்கு அதில் இடமில்லை. 1858இல் வந்த 35ஆம் சட்டமே மாவட்ட நீதிமன்றங்கள் அறிவிழந்தோரின் நிலையை விசாரித்துக் காப்பாளர் வைக்க வழி செய்தது.

அவ்வாறே 1807இல் பினாங்குக்கும் 1826இல் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் வழங்கப்பட்ட நீதிப் பட்டயங்களின் வழியாக ஆங்கிலச் சட்டம் இப்பகுதிக்கு வந்தது. சிங்கப்பூரில் 1935ஆம் ஆண்டுச் சட்டமும், மலாயாவில் 1952ஆம் ஆண்டுச் சட்டமும் இத்துறையை ஒழுங்கு செய்தன. இரண்டிலும் பழைய ஆங்கில முறையே நின்றது: நீதிமன்றம் விசாரிக்கும், அறிவிழந்தவர் என்று முடிவு செய்யும், 'கமிட்டி' நியமிக்கும். முடிவு முழுமையானது. ஒருவர் ஒன்று அறிவுடையவர், அன்றி அறிவிழந்தவர். இரண்டுக்கும் நடுவே நிலையில்லை. ஜஸ்டீனியன் கண்ட தெளிவுக் காலத்திற்கு இதில் போதிய இடமில்லை.

இங்கிலாந்திலோ வேறொரு குழப்பம் நேர்ந்தது. 1959ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பழைய சட்டங்களை ஒழித்தபோது, வயதுவந்தோரின் உடலைக் காக்கும் பழைய அரச உரிமையும் மறைந்தது. சொத்துக்கு நீதிமன்றம் இருந்தது, உடலுக்கு யாருமில்லை. 1989இல் அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாமா என்ற வழக்கு வந்தபோது, வயதுவந்த ஒருவருக்காக ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை என்று பிரபுக்கள் சபை கண்டது. தேவை கருதி, அவர் நலனுக்காக மருத்துவர் செயலாற்றலாம் என்று கூறி அச்சபை வழிகாட்டிற்று. சட்டத்தின் கண் எத்துணைக் காலமாகச் சொத்தின்மேலேயே இருந்தது என்பதை இக்குறை வெளிச்சமாக்கியது.

சிந்தனை திரும்பியது

20ஆம் நூற்றாண்டின் கடைசியில் பல நாடுகள் பழைய முறையைக் கைவிட்டன. ஜெர்மனி ஒருவரை முற்றிலும் உரிமையிழந்தவராக அறிவிக்கும் வழக்கத்தை 1992 ஜனவரி முதல் ஒழித்தது. எந்தக் காரியத்தில் துணை தேவையோ அந்தக் காரியத்துக்கு மட்டும் துணைவரை வைத்தால் போதும் என்பது அதன் புதிய கொள்கை. ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டின் பழைய சட்டப்படி அறிவிழந்தவர் என்று தீர்ப்பானால், அது குடும்பப் பதிவேட்டில் ஏறும். அந்த அவமானத்துக்கு அஞ்சிக் குடும்பங்கள் நீதிமன்றத்தை அணுகாதிருந்தன. 2000 ஏப்ரலில் புதிய சட்டம் அதனை மாற்றியது. ஆயினும் காப்பாளர் வைக்கப்பட்டவர் வாக்களிக்கக் கூடாது என்ற விதி நீடித்தது. 2013இல் தோக்கியோ நீதிமன்றம் அவ்விதி அரசியலமைப்புக்கு முரண் என்றது. அதே ஆண்டில் நாடாளுமன்றமும் அதனை நீக்கியது. கணக்குப் பார்க்கத் துணை தேவைப்படுவதால் ஒருவர் குடிமகன் அல்லாமற் போய்விடுவாரா?

இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இப்புதிய சிந்தனையைத் தெளிவான விதிகளாக வகுத்தது. சிங்கப்பூர் அதனைத் தழுவி 2008இல் தன் மனத்திறன் சட்டத்தை இயற்றி, 2010 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியது. அதன் அடிப்படை விதிகள் பின்வருமாறு.

முதலாவது, எவரையும் திறனுடையவர் என்றே கொள்ள வேண்டும். இல்லையென்பவரே மெய்ப்பிக்க வேண்டும். இரண்டாவது, அவர் தாமே முடிவு செய்ய ஆன உதவியெல்லாம் செய்து பார்த்த பின்னரே இயலாதவர் என்று சொல்லலாம். மூன்றாவது, ஒருவர் செய்யும் முடிவு பிறர் கண்ணுக்கு அறிவீனமாகத் தோன்றுவதால் மட்டும் அவர் திறனற்றவராகார். நான்காவது, அவருக்காகச் செய்வதெல்லாம் அவர் நலனுக்காகவே இருக்க வேண்டும். ஐந்தாவது, அவர் உரிமையை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியையே தேட வேண்டும்.

வயதையோ தோற்றத்தையோ மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது என்றும் சட்டம் சொல்லுகிறது. சோதனையும் மாறிவிட்டது. இருபது காசை எண்ணச் சொல்வதில்லை. முடிவு செய்ய வேண்டிய அந்தக் காரியத்தைப் புரிந்துகொள்கிறாரா, சிறிது நேரமேனும் நினைவில் வைக்கிறாரா, நன்மை தீமையைச் சீர்தூக்குகிறாரா, பேச்சாலோ சைகையாலோ தம் முடிவைத் தெரிவிக்கிறாரா என்பதே பார்க்கப்படும். அவருக்கு விளங்கும் முறையில் எளிய மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டத்தின் கட்டளை. தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டியிடம் ஆங்கிலத்திலோ மலாயிலோ கேள்வி கேட்டு, விடை வரவில்லை என்று எழுதிக்கொள்வது சோதனையாகாது. இதனைத் தமிழ்க் குடும்பங்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

முன்கூட்டியே எழுதி வைத்தல்

புதிய சட்டத்தின் மற்றொரு கொடை நீடித்த அதிகாரப் பத்திரம். 'எல்.பி.ஏ.' என்று சிங்கப்பூர் மக்கள் வழங்குவது இதுவே. பழைய அதிகாரப் பத்திரத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. எழுதிக்கொடுத்தவர் அறிவிழந்ததும் பத்திரமும் செல்லாதாகிவிடும். குடை மழை வரும் வரையில் விரிந்திருந்து, மழை வந்ததும் மடங்கிவிடுவது போன்றது அது. இங்கிலாந்து 1985இல் இக்குறையைப் போக்கச் சட்டம் செய்தது. சிங்கப்பூரில் 21 வயது நிறைந்த எவரும், தெளிவாக இருக்கும்போதே, தாம் நம்பும் ஒருவரைப் பிற்காலத்துக்கு நியமித்து வைக்கலாம். எழுதுபவர் புரிந்துகொண்டே எழுதுகிறார், யாரும் வற்புறுத்தவில்லை என்று தகுதிபெற்ற மருத்துவர் அல்லது வழக்குரைஞர் சான்றளிக்க வேண்டும். பத்திரம் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பத்திரம் எழுதாமலே திறனிழந்தவர்க்கு நீதிமன்றம் ஒரு பிரதிநிதியை நியமிக்கும். அவர் அதிகாரமும் காலமும் இயன்றவரை குறுகியதாக இருக்க வேண்டும். திருமணம், மணவிலக்கு, மதமாற்றம் போன்ற காரியங்களில் ஒருவருக்காக வேறெவரும் முடிவு செய்ய இயலாது.

ஆனால் பத்திரமே காவலாகிவிடாது. 2014இல் சிங்கப்பூர் மக்களை உலுக்கிய ஒரு வழக்கு அதனை உணர்த்தியது. முதுமைமறதி நோயுற்ற செல்வந்தப் பெண்மணி ஒருவர், உறவினரல்லாத ஒருவனுக்கு இத்தகைய பத்திரத்தை எழுதிக்கொடுத்திருந்தார். உறவினர் வழக்காடியதும் நீதிமன்றம் அப்பத்திரத்தை நீக்கியது. அவன் அவருடைய பணத்தில் 11 இலட்சம் வெள்ளியைக் கையாடியது நிரூபணமாகி, 2016இல் சிறைத்தண்டனை பெற்றான். மேல்முறையீட்டில் தண்டனை கூடியது. பன்னிரு பலகைகளின் காலத்தில் ஆபத்து பங்காளிகளிடமிருந்து வந்தது. இங்கே அயலானிடமிருந்து வந்தது. இரண்டிலும் குறை ஒன்றே: காப்பவரைக் கண்காணிக்க ஆளில்லை.

2016இல் சிங்கப்பூர்ச் சட்டம் திருத்தப்பட்டது; நெருங்கிய உறவில்லாதோர்க்குத் தொழில்முறைப் பிரதிநிதிகள் செயற்பட இடமளிக்கப்பட்டது. 2018இல் வந்த மற்றொரு சட்டம், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத வயதுவந்தோர் துன்புறுத்தப்பட்டால் அதிகாரிகள் தலையிட வழி செய்தது.

மலேசியாவின் நிலை

மலேசியாவில் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்து, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. இதன்படி உயர் நீதிமன்றம் விசாரணை நடத்தி, ஒருவரின் உடலுக்கும் சொத்துக்கும் 'கமிட்டி' நியமிக்கலாம். பழைய ஆங்கிலச் சொல் இன்னும் அங்கே வாழ்கிறது. 1949ஆம் ஆண்டு அதிகாரப் பத்திரச் சட்டத்தின்படி எழுதப்படும் சாதாரணப் பத்திரம், எழுதியவர் சித்தம் கலங்கினால் ஓய்ந்துவிடும். ஆகவே தந்தை நினைவிழந்தபின் அவர் வங்கிப் பணத்தை மருத்துவச் செலவுக்கு எடுக்க வேண்டிய பிள்ளைக்கு உயர் நீதிமன்றத்தின் படியேறுவதே சட்டவழி. நகரத்து வசதியுள்ளோர்க்கு அஃது இயலும். தோட்டத்துப் பிள்ளைக்கு வழக்குரைஞர் கட்டணமும் நடையும் பெருஞ்சுமை. அதற்கு அஞ்சி, அறிவு தடுமாறிய முதியவரின் விரலைப் பிடித்துக் கைநாட்டு வைக்கும் குறுக்கு வழியை நாடுவோரும் உண்டு. அதில் நன்மகனும் தீயமகனும் ஒன்றாகிவிடுகின்றனர். இருவர் கையிலும் இருப்பது செல்லாத பத்திரமே.

ஐக்கிய நாட்டு மன்றம் 2006இல் உடற்குறை, மனக்குறை உடையோர் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் அதில் இணைந்தன. எல்லோரும் சட்டத்தின் முன் சமமான ஆட்களே என்பதும், குறையுள்ளோர் தம் உரிமையைத் தாமே செலுத்தத் துணை தரப்பட வேண்டும் என்பதும் அதன் 12ஆம் பிரிவின் சாரம். மற்றவர் இடத்தில் நின்று முடிவு செய்பவர் என்ற நிலையிலிருந்து, அவர் முடிவு செய்யத் துணை நிற்பவர் என்ற நிலைக்குக் காப்பாளர் மாற வேண்டும் என்பது இதன் பொருள். அம்மாற்றம் எந்த நாட்டிலும் முற்றுப்பெற்றுவிடவில்லை.

வரலாறு தரும் பாடம்

இந்நெடிய வரலாற்றில் இரண்டு ஆபத்துகள் மாறி மாறித் தலைகாட்டுகின்றன. ஒன்று, முதியவரின் உரிமையைக் காலத்துக்கு முன்பே பறித்துக்கொள்வது. மற்றொன்று, காக்க வேண்டிய காலத்தில் காக்காமல் விட்டுவிடுவது. முதலாவதற்குச் சர் ஜான் வைல்ட்கூஸ் அடையாளம். இரண்டாவதற்குச் சிங்கப்பூர் வழக்கு அடையாளம். இரண்டுக்கும் நடுவே செல்லும் பாதை குறுகியது. அதில் தவறாமல் நடக்க மூன்று துணை வேண்டும்: முதியவரின் சொல்லைக் கேட்கும் சட்டம், காப்பவரைக் கணக்குக் கேட்கும் அரசு, தம் பெற்றோர் விருப்பத்தை உரிய காலத்தில் அறிந்து வைக்கும் பிள்ளைகள்.

முதல் இரண்டும் நாட்டின் கையில் உள்ளன. மூன்றாவது வீட்டின் கையில் உள்ளது. நம் குடும்பங்களில் பெற்றோரிடம் இதைப் பேசுவது அபசகுனம் என்று கருதப்படுகிறது. வீட்டை யார் பார்ப்பது, சேமநிதிப் பணத்தை யாரிடம் ஒப்படைப்பது, நோய் முற்றினால் மருத்துவமனையா வீடா, எந்த மகள் வீட்டில் இருக்க விருப்பம் என்பவற்றை, அவர்கள் நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வைப்பதில் அபசகுனம் ஏதுமில்லை. உடன்பிறந்தோர் எல்லோர் முன்னிலையிலும் கேட்பது இன்னும் நல்லது. நினைவு மங்கிய பின்னர் அக்கேள்வியைக் கேட்டால், விடை சொல்பவர் அவராக இருக்கமாட்டார்.